லிஃப்ட் கிட் வாங்கும் முன் டயரை முடிவு செய்யுங்கள்

பாறை, சேறு, மணல் என்று ரோட்டை விட்டு வண்டியை இறக்க நினைப்பவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது, "எத்தனை இன்ச் லிஃப்ட் போடலாம்?" என்பதுதான். வண்டி உயரமாக நின்றால் பார்க்க நன்றாக இருக்கிறது, அதனால் கேள்வி அங்கே போய் நிற்கிறது. ஆனால் லிஃப்ட் எவ்வளவு வேண்டும் என்று சொல்வது டயர். ஆக்ஸிலுக்குள் எந்த கியர் ரேஷியோ வேண்டும் என்று சொல்வதும் அதே டயர்தான். எந்த டயர் என்பதை நீங்கள் ஓட்டப்போகும் தரை சொல்லும். தரை, டயர், லிஃப்ட், கியர் என்ற வரிசையில் யோசித்தால் ஒவ்வொரு பொருளையும் ஒரு தடவை வாங்கினால் போதும். லிஃப்டிலிருந்து தொடங்கினால் ஸ்பிரிங்கையும் ஷாக் அப்சார்பரையும் இரண்டாம் தடவை வாங்கும் யோகம் பலருக்கு வாய்க்கிறது.

இங்கே பேசப்போவது சேஸிஸ் தனி, பாடி தனி என்று இருக்கும் ஃபோர் வீல் பிக்கப், ஜீப் வகை வண்டிகளைப் பற்றி. இவற்றில் பெரும்பாலும் பின்னால் முழு ஆக்ஸில் இருக்கும். முன்னால் சிலவற்றில் முழு ஆக்ஸில், சிலவற்றில் இரண்டு சக்கரமும் தனித்தனியாக ஏறி இறங்கும் இண்டிபென்டென்ட் சஸ்பென்ஷன். இந்த முன்பக்க வித்தியாசம் கடைசி வரை கூடவே வரும். உங்கள் வண்டியில் எது என்று ஒரு தடவை குனிந்து பார்த்துவிட்டு மேலே படியுங்கள்.

எது உயரும், எது உயராது

3 இன்ச் லிஃப்ட் போட்டால் சேஸிஸ், ஆயில் சம்ப், டீசல் டேங்க், கால் வைக்கும் படி எல்லாம் 3 இன்ச் மேலே போகும். முழு ஆக்ஸிலின் நடுவில் உருண்டையாகத் தொங்கும் டிஃபரன்ஷியல் ஹவுசிங் (இரண்டு சக்கரத்துக்கும் சுழற்சியைப் பிரிக்கும் கியர்கள் இருக்கும் கூடு) மட்டும் ஒரு மில்லிமீட்டர்கூட உயராது. ஆக்ஸில் சக்கரத்தோடு சேர்ந்தது. ஸ்பிரிங் அதற்கு மேலே இருக்கிறது. கல் இடிப்பது பெரும்பாலும் அந்த ஹவுசிங்கில்தான். அதை உயர்த்தப் பெரிய டயர்தான் வழி, அதிலும் விட்டத்தில் கூடுவதில் பாதிதான் கிடைக்கும். 31 இன்ச் டயரைக் கழற்றிவிட்டு 35 போட்டால் ஹவுசிங் 2 இன்ச் உயரும். இந்தக் கணக்கை முதல் தடவை கேட்கும்போது கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருக்கும்.

இண்டிபென்டென்ட் முன்பக்கத்தில் டிஃபரன்ஷியல் சேஸிஸோடு சேர்ந்து உயரும். ஆனால் சக்கரத்தைச் சேஸிஸோடு இணைக்கும் கீழ்க்கை (கீழ் கன்ட்ரோல் ஆர்ம்) சக்கரத்தோடு இருக்கும். அப்புறம் 4, 6 இன்ச் கிட்களில் ஆக்ஸில் ஷாஃப்டின் கோணம் தாங்காது என்பதால் டிஃபரன்ஷியலையே பிராக்கெட் போட்டுத் திரும்பக் கீழே இறக்கிவிடுவார்கள். ஏற்றியதில் ஒரு பகுதியை அந்த இடத்தில் திருப்பிக் கொடுத்துவிடுகிறோம்.

ராணுவ ஹம்வீயில் இதற்கு வேறு வழி கண்டார்கள். ஒவ்வொரு சக்கரத்தின் ஹப்பிலும் ஒரு ஜோடி கியர் இருக்கிறது, ஆக்ஸில் ஷாஃப்ட் சக்கரத்தின் மையத்துக்கு மேலே வந்து சேருகிறது. அந்த ஹப்பில் 1.92 என்ற ரேஷியோ தனியாகக் கிடைப்பதால் அடிப்பகுதி உயரமும் இழுவையும் ஒரே இடத்தில் தீர்ந்துவிடுகின்றன. நம் வண்டியில் இது இல்லாததால்தான் டயர், லிஃப்ட், கியர் என்று மூன்று இடத்தில் கை வைக்க வேண்டியிருக்கிறது.

சரி, லிஃப்டால் என்னதான் லாபம்? மேட்டில் ஏறும்போது முன் பம்பர் இடிக்காமல் இருக்கும் கோணம், இறங்கும்போது பின் பம்பருக்கான கோணம், மேட்டைத் தாண்டும்போது நடு வயிறு தட்டாத கோணம், இந்த மூன்றும் கூடும். நீளமான பிக்கப்புக்கு மூன்றாவதுதான் முக்கியம், ஏனென்றால் முன் பின் சக்கரங்களுக்கு நடுவே தூரம் அதிகம். இதோடு பெரிய டயருக்கு இடம் கிடைக்கும். இடம் கிடைக்கும் என்று எல்லோரும் சொல்கிறார்கள், அதில்தான் ஒரு சிக்கல் இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

டயரைக் கணக்கிடுவது

டயரின் பக்கத்தில் 265/70 ஆர் 17 என்று எழுதியிருந்தால் விட்டம் எவ்வளவு? 265 என்பது மில்லிமீட்டரில் அகலம். அதில் 70 சதவீதம் பக்கச் சுவரின் உயரம்: 185.5 மி.மீ. மேலும் கீழும் சேர்த்து 371. ரிம் 17 இன்ச், அதாவது 431.8 மி.மீ. மொத்தம் 802.8 மி.மீ., கிட்டத்தட்ட 31.6 இன்ச். 285/70 ஆர் 17 என்றால் இதே கணக்கில் 32.7 இன்ச். பெயரில் 35 என்று இருக்கும் டயரை அளந்து பார்த்தால் அரை இன்ச் குறைவாக இருப்பது சகஜம். வண்டியின் எடை ஏறினால் இன்னும் கொஞ்சம் அமுங்கும். அதனால் ஒரு இன்ச்சுக்குள் இருக்கும் வித்தியாசங்களுக்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

பாதைக்கு ஏற்ற டயரைத் தேர்ந்தெடுங்கள். மண் சாலை, ஆற்றோரம், காட்டுப் பாதை, வாரம் முழுக்க ஆபீஸ் என்றால் கம்பெனி டயரைவிட ஒன்று முதல் ஒன்றரை இன்ச் கூடுதல் போதும். அந்த அளவுக்குப் பல வண்டிகளில் கியர் மாற்றவே வேண்டியதில்லை. பாறையில் ஏறுவதுதான் ஆசை என்றால் 35 பக்கம் போகலாம், ஆனால் அங்கே செலவு டயரோடு நிற்காது. அந்த அளவு டயர் ஒன்று சுமார் 30 கிலோ இருக்கும். அந்த எடை முழுவதும் ஸ்பிரிங்குக்குக் கீழே, சுற்றிக்கொண்டே இருக்கிறது. பிரேக், பால் ஜாயின்ட், டை ராட், ஆக்ஸில் ஷாஃப்ட் எல்லாவற்றுக்கும் கூடுதல் வேலை. 37க்குப் போகிறவர்கள் பெரும்பாலும் ஆக்ஸிலையும் மாற்றத் தயாராகிவிட்டவர்கள்.

நிற்கும்போது இடம், அமுங்கும்போது இல்லை

இப்போது அந்தச் சிக்கல். பெரிய டயருக்கு லிஃப்ட் போட்டு, வண்டியைத் தரையில் நிறுத்திப் பார்த்தால் டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே கை முழுசாக நுழையும். திருப்தியாக இருக்கும். அதே வண்டியின் ஒரு சக்கரம் பாறை மேல் ஏறும்போது ஸ்பிரிங் முழுக்க அமுங்கி, ஆக்ஸில் பம்ப் ஸ்டாப் ரப்பரில் போய் இடிக்கும். அந்த நிலையில் டயர் எங்கே இருக்கிறது என்றால், லிஃப்ட் போடுவதற்கு முன்னால் முழுக்க அமுங்கினால் எங்கே இருந்திருக்குமோ அதே இடத்தில். பம்ப் ஸ்டாப்பை நீட்டாதவரை லிஃப்ட் அந்தக் கடைசிப் புள்ளியை மாற்றுவதில்லை. வண்டி நிற்கும் புள்ளியை மட்டும்தான் மாற்றுகிறது. ஆகவே டயர் இடிக்குமா இடிக்காதா என்பதை முழுக்க அமுக்கி, ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுசாக ஒடித்துப் பார்த்துத்தான் தீர்மானிக்க முடியும். இடித்தால் மூன்று வழி: மட்கார்டு லைனரையும் பம்பர் ஓரத்தையும் வெட்டுவது, பம்ப் ஸ்டாப்பை நீட்டுவது, சின்ன டயருக்குத் திரும்புவது. என் ஓட்டு முதலில் வெட்டுவதற்கு. நன்றாக வெட்டிச் சரிசெய்த மட்கார்டோடு 2 இன்ச் லிஃப்டில் ஓடும் வண்டி, வெட்ட மனமில்லாமல் 5 இன்ச் ஏற்றிய வண்டியைவிட எல்லா இடத்திலும் ஒழுங்காகப் போகும்.

ரிம்மின் ஆஃப்செட்டும், அதாவது ரிம் எவ்வளவு உள்ளே அல்லது வெளியே தள்ளி நிற்கிறது என்பதும், இங்கே விளையாடும். வெளியே தள்ளி நிற்கும் ரிம் போட்டால் டயர் உள்ளே கன்ட்ரோல் ஆர்மில் உரசாது. ஆனால் ஒடிக்கும்போது பெரிய வட்டம் அடித்து, பின்பக்கம் பாடியின் மடிப்பில் போய் உரசும். வீல் பேரிங்குக்கும் சுமை கூடும். கொஞ்சமாகத் தள்ளுங்கள்.

சஸ்பென்ஷனின் மொத்த அசைவை ஒரு கோடாக நினைத்துக்கொண்டால் மற்றதும் புரியும். ஷாக்கின் மொத்த அசைவு 200 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். வண்டி நடுவில் நிற்கிறது: மேலே அமுங்க 100, கீழே தொங்க 100. ஷாக்கை மாற்றாமல், அந்த ஷாக் இருக்கும் இடத்தில் 75 மி.மீ. உயரும்படி ஸ்பிரிங்கை மட்டும் மாற்றினால் மேலே 175 ஆகும், கீழே வெறும் 25தான் மிஞ்சும். ஒரு சின்னப் பள்ளத்தில் சக்கரம் இறங்கினாலே ஷாக் முழுக்க நீண்டு 'டக்' என்று அடிக்கும். "லிஃப்ட் போட்டதிலிருந்து வண்டி தூக்கிப் போடுது" என்று சொல்பவர்களில் பாதிப் பேருக்கு இதுதான் நோய். மறுபக்கம், நீளமான ஷாக்கை மட்டும் வாங்கி மாட்டினால், முழுக்க அமுங்கும்போது பம்ப் ஸ்டாப்புக்கு முன்னால் ஷாக்கே தட்டிவிடும். ரப்பர் வாங்க வேண்டிய இடியை ஷாக்கின் உட்புறம் வாங்கும். ஷாக் வாங்கும்போது முழுக்க நீண்ட நீளம், முழுக்க அமுங்கிய நீளம் என்ற இரண்டு அளவையும் கேளுங்கள். இரண்டையும் சொல்லத் தெரியாதவரிடம் வாங்காதீர்கள்.

ஏற்றும் வழிகள்

பாடி லிஃப்ட் என்பது பாடிக்கும் சேஸிஸுக்கும் நடுவே தக்கை வைப்பது. சஸ்பென்ஷனைத் தொடுவதே இல்லை. டயருக்கு ஒரு இன்ச் இடம் தேவைப்படும்போது நல்ல துணை. அதற்கு மேல் போனால் ஸ்டியரிங் ஷாஃப்ட், கியர் லிவர், ரேடியேட்டர் ஷ்ரவுட் என்று ஒவ்வொன்றாக இழுபறி தொடங்கும்.

காயில் ஸ்பிரிங் வண்டியில் ஸ்பிரிங்குக்கு மேல் ஸ்பேசர் வைக்கலாம், அல்லது நீளமான ஸ்பிரிங்கே போடலாம். ஸ்பேசர் மலிவு. முழு ஆக்ஸில் வண்டிக்கு ஒரு இன்ச் அளவில் குறை சொல்ல எதுவுமில்லை. இண்டிபென்டென்ட் முன்பக்கத்தில் ஸ்ட்ரட்டின் (ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்றாகச் சேர்ந்த பாகம்) தலையில் வைக்கும் ஸ்பேசர் வேறு கதை. அங்கே ஸ்ட்ரட் கீழ்க்கையின் நடுவில் உட்கார்ந்திருப்பதால் 1 இன்ச் ஸ்பேசர் சக்கரத்தில் கிட்டத்தட்ட 2 இன்ச்சாக விரியும். "பாருங்க, சின்னத் தகடு, எவ்வளவு தூக்குது" என்று விற்பார்கள். ஆனால் அந்த ஸ்ட்ரட் முழுக்க நீளும்போது சக்கரம் கம்பெனி நினைத்ததைவிடக் கீழே தொங்கும். மேல்கை காயிலில் போய் உரசும், பால் ஜாயின்ட் அதன் கோண எல்லையைத் தொடும், ஆக்ஸில் ஷாஃப்டின் ரப்பர் பூட் கிழியும். 2 இன்ச்சைத் தாண்டினால் கோணம் சரிசெய்யப்பட்ட மேல்கையையும், அந்த உயரத்துக்கென்றே செய்த ஸ்ட்ரட்டையும் சேர்த்து வாங்குங்கள்.

கமான் பட்டை உள்ள பின்பக்கத்தில் வழிகள் அதிகம். ஆக்ஸிலுக்கும் பட்டைக்கும் நடுவே கட்டை வைப்பது, ஒரு பட்டை கூடச் சேர்ப்பது, பட்டையின் முனையைச் சேஸிஸில் மாட்டும் ஷாக்கிளை நீளமாகப் போடுவது, முழுச் செட்டையும் மாற்றுவது. ஷாக்கிளை 2 இன்ச் நீட்டினால் நடுவில் 1 இன்ச்தான் கிடைக்கும். கட்டை மலிவுதான், ஆனால் ஆக்ஸில் பட்டையிலிருந்து விலகிப் போவதால் ஆக்ஸிலேட்டரை மிதிக்கும்போது பட்டை முறுக்கிக்கொண்டு வளையும். பின்னால் ஒற்றைக் கட்டை பரவாயில்லை. கட்டை மேல் கட்டை வைப்பது கூடாது. முன் ஆக்ஸிலில் கட்டை வைப்பது பற்றி யோசிக்கவே வேண்டாம். பிரேக் அடிக்கும்போது பாரம் முழுவதும் அங்கேதான் வருகிறது. எது செய்தாலும் பட்டையை ஆக்ஸிலோடு கட்டும் யூ போல்ட்டைப் புதிதாகப் போடுங்கள். ஒரு தடவை முறுக்கேறிய யூ போல்ட் நீண்டுபோயிருக்கும், மறுபடி அதே பிடிப்பைக் கொடுக்காது.

ஸ்பிரிங்கை உயரம் பார்த்து வாங்குவதைவிட எடை பார்த்து வாங்குவது முக்கியம். ஸ்டீல் பம்பரும் வின்ச்சும் சேர்ந்தால் முன்னால் 100 கிலோ அளவுக்கு ஏறும். காலி வண்டிக்கான 2 இன்ச் ஸ்பிரிங் அந்தச் சுமையில் ஒரு இன்ச்சாகப் படுத்துவிடும். மாறாக, எப்போதோ ஒரு நாள் ஏற்றப்போகும் சாமானுக்காகக் கனமான ஸ்பிரிங் போட்டால் மற்ற நாளெல்லாம் முதுகுதான் கணக்குக் கொடுக்கும். நிரந்தரமாக வண்டியில் இருக்கப்போகும் எடையை எழுதி வைத்துக்கொண்டு அதற்கு ஸ்பிரிங் கேளுங்கள்.

லிஃப்ட் கெடுப்பதும் சரிசெய்வதும்

ஒரு நல்ல கிட்டையும் வெறும் கிட்டையும் பிரிப்பது ஸ்பிரிங் அல்ல, கூட வரும் சில்லறைப் பாகங்கள். முழு ஆக்ஸில் முன்பக்கத்தை எடுத்துக்கொள்வோம். ஆக்ஸிலைப் பிடித்திருக்கும் நீளமான கை, பின்னால் சேஸிஸில் மாட்டியிருக்கிறது. சேஸிஸ் உயர்ந்தால் கை சாயும், அதோடு ஆக்ஸிலும் முன்னோக்கிச் சுழலும். கை 900 மி.மீ. நீளம், லிஃப்ட் 50 மி.மீ. என்றால் ஆக்ஸில் சுமார் 3 டிகிரி சுழல்கிறது. அது அப்படியே காஸ்டரில், அதாவது ஸ்டியரிங் திரும்பும் அச்சின் முன்பின் சாய்வில், குறையும். இந்த வகை வண்டிகளில் காஸ்டரே மூன்று நான்கு டிகிரி சுற்றளவில்தான் இருக்கும். எனவே 2 இன்ச் ஏற்றினாலே ஸ்டியரிங் தானாக நேராகத் திரும்பும் குணத்தில் பெரும்பகுதி போய்விடுகிறது. வேகத்தில் வண்டி ரோட்டில் அலையும். காஸ்டரைத் திருப்பிக் கொண்டுவர மையம் தள்ளிய புஷ், நீளம் மாற்றக்கூடிய கை, அல்லது கையின் சேஸிஸ் முனையைக் கீழே இறக்கும் பிராக்கெட் வேண்டும். கடைசியாகச் சொன்னது பாறையில் கொஞ்சம் தட்டும். ரோட்டுக்கு அருமையாக இருக்கும்.

இன்னொன்று பனார்ட் ராட். ஆக்ஸில் இடம் வலம் நகராமல் குறுக்கே பிடித்திருக்கும் கம்பி அது. ஒரு முனை சேஸிஸில், மறு முனை ஆக்ஸிலில். 800 மி.மீ. நீளமுள்ள கம்பியின் இரண்டு முனைக்கும் உயர வித்தியாசம் 100 மி.மீ. இருந்தது என்று வைப்போம். லிஃப்டுக்குப் பிறகு அது 175 ஆகிறது. முக்கோணக் கணக்குப் போட்டால் ஆக்ஸில், கம்பி சேஸிஸில் மாட்டியிருக்கும் பக்கமாக 13 மி.மீ. நகர்ந்திருக்கும். பின்னாலிருந்து பார்த்தால் ஒரு பக்க டயர் துருத்திக்கொண்டு நிற்பது இதனால்தான். நீளம் மாற்றக்கூடிய ராட் போட்டால் நடுவுக்கு வந்துவிடும். ஆனால் கம்பியின் சாய்வு ஸ்டியரிங்கிலிருந்து சக்கரத்துக்குப் போகும் டிராக் லிங்க் கம்பியின் சாய்வோடு ஒத்துப்போக வேண்டும். இரண்டும் வேறு வேறு கோணத்தில் இருந்தால் பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் ஸ்டியரிங் தானாக ஒடியும்.

பின்பக்கம் புரொப்பெல்லர் ஷாஃப்டின் கோணம் கூடும். இரண்டு முனையிலும் ஒற்றை யுனிவர்சல் ஜாயின்ட் இருந்தால் பினியன் (டிஃபரன்ஷியலுக்குள் நுழையும் சின்னப் பல்சக்கரம்), முன் பின் ஆக்ஸிலுக்குச் சக்தியைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸின் வெளி ஷாஃப்டுக்கு இணையாக நிற்க வேண்டும். மேல் முனையில் இரட்டை ஜாயின்ட் இருந்தால் பினியன் ஷாஃப்டை நோக்கியே இருக்க வேண்டும். இது தப்பினால் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் சீட்டுக்கு அடியில் நடுக்கம் வரும், அப்புறம் ஜாயின்ட் போகும்.

பிரேக் ஹோஸ் முழுக்கத் தொங்கும் நிலையிலும் தளர்வாக இருக்கிறதா, ஸ்டெபிலைசர் லிங்க் நீட்ட வேண்டுமா, ஹெட்லைட் எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். வண்டியை உயர்த்துவதற்கான சட்ட வரம்பு இடத்துக்கு இடம் மாறும். பாகம் வாங்கும் முன்பே அதை விசாரிப்பது நல்லது.

எத்தனை இன்ச் என்ற பழைய கேள்விக்கு என் பதில்: தினமும் ஓட்டும் வண்டிக்கு இரண்டு, மிஞ்சினால் இரண்டரை. அதற்கு மேல் ஒவ்வொரு இன்ச்சும் வண்டியின் புவியீர்ப்பு மையத்தை ஏற்றிக்கொண்டே போகும். பக்கச் சரிவில் நிற்கும்போது அது வயிற்றில் தெரியும்.

கியர் ரேஷியோ

டிஃபரன்ஷியலுக்குள் சின்னப் பல்சக்கரம் பினியன், பெரியது கிரவுன். கிரவுனில் 41 பல், பினியனில் 11 பல் என்றால் 41ஐ 11ஆல் வகுத்து 3.73. புரொப்பெல்லர் ஷாஃப்ட் 3.73 சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று. 41க்கு 9 என்றால் 4.56. எண் பெரிதாக ஆக இழுவை கூடும், அதே வேகத்துக்கு இன்ஜின் அதிகமாகச் சுற்றும்.

பெரிய டயர் போடும்போது நடப்பது இதற்கு நேர் எதிர். சக்கரம் ஒரு சுற்றில் அதிக தூரம் போகிறது. சுமையோடு பெரிய கியரில் மேடு ஏறும் சைக்கிளைப் போல இன்ஜின் திணறும். டிரைவர்கள் "புல்லிங் போச்சு" என்பார்கள். ஆட்டோமேட்டிக் வண்டியில் டாப் கியரில் நிற்காமல் மேலும் கீழும் கியர் மாறிக்கொண்டே இருக்கும், கியர்பாக்ஸ் ஆயில் சூடேறும்.

சரிசெய்யும் கணக்கு எளிது: பழைய ரேஷியோவைப் புதிய டயரால் பெருக்கி, பழைய டயரால் வகுக்க வேண்டும். 3.73 ரேஷியோ, 31லிருந்து 35 டயர் என்றால் விடை 4.21. அப்படி ஒரு கியர் செட் பெரும்பாலும் கிடைக்காது, கிடைப்பது 4.10, 4.56. எதை எடுப்பது?

மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் இன்ஜின் எவ்வளவு சுற்றும் என்று பார்த்துவிடுவோம். வேகம், ஆக்ஸில் ரேஷியோ, டாப் கியர் ரேஷியோ, 209 என்ற எண் நான்கையும் பெருக்கி, இன்ச்சில் டயர் விட்டத்தால் வகுத்தால் ஆர்.பி.எம். கிடைக்கும். டாப் கியர் 0.75 என்று கொண்டால் கம்பெனி நிலையில், 31 டயரும் 3.73ம் சேர்ந்து, 1886. கியர் மாற்றாமல் 35 போட்டால் 1670. 4.10 போட்டால் 1836. 4.56 போட்டால் 2042.

4.10 கிட்டத்தட்டப் பழைய இடத்துக்குக் கொண்டுவருகிறது. ஆனால் இந்தக் கணக்கில் விட்டம் மட்டும்தான் இருக்கிறது. கனமான டயர், பம்பர், வின்ச், உயர்ந்த வண்டியில் மோதும் காற்று எதுவும் இல்லை. அதனால் கணக்கில் வருவதைவிட ஒரு படி மேலே எடுப்பது பொதுவான வழக்கம். குறைந்த சுற்றிலேயே நல்ல டார்க் கொடுக்கும் டர்போ டீசல், எட்டு பத்து கியர் உள்ள ஆட்டோமேட்டிக், பாதி ஓட்டம் நெடுஞ்சாலை என்றால் 4.10 போதும். டர்போ இல்லாத பெட்ரோல் இன்ஜின், ஐந்து கியர், மலைப் பாதை என்றால் யோசிக்காமல் 4.56.

பாறையில் வேறொரு எண் முக்கியம். முதல் கியர், டிரான்ஸ்ஃபர் கேஸின் லோ (மெதுவாக ஊர்வதற்கான கியர்), ஆக்ஸில் ரேஷியோ மூன்றையும் பெருக்கினால் கிரால் ரேஷியோ. 4.0, 2.7, 3.73 என்றால் 40. இன்ஜின் 750 ஆர்.பி.எம்.மில் சும்மா சுற்றும்போது 31 டயரில் வண்டி மணிக்கு சுமார் 2.8 கி.மீ. ஊரும். 35 டயரில் அது 3.1 ஆகிவிடும். 4.56 போட்டால் 2.5 பக்கம் இறங்கும். பாறை மேல் பிரேக்கும் கிளட்சும் இல்லாமல் மெதுவாக இறக்க இந்த வித்தியாசம் காலுக்கு நன்றாகத் தெரியும். 2018 மாடலாக வந்த ஜேஎல் தலைமுறை ஜீப் ராங்ளர் ரூபிகானின் மேனுவல் கியர்பாக்ஸ் வண்டியில் இந்த எண் 84 அருகே. அதன் லோ ரேஷியோ 4.0 என்பதுதான் ரகசியம். ஊர்ந்து போவது மட்டும்தான் குறை, நெடுஞ்சாலையில் வண்டி நன்றாகவே இழுக்கிறது என்றால் ஆக்ஸிலைத் தொடாமல் டிரான்ஸ்ஃபர் கேஸின் லோ கியரை மட்டும் மாற்றலாம். உங்கள் மாடலுக்குக் கிடைக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

முன், பின் இரண்டு ஆக்ஸிலிலும் ஒரே ரேஷியோ இருந்தாக வேண்டும். பின்னால் மட்டும் மாற்றிக் காசை மிச்சம் பிடிக்கலாம் என்ற யோசனை அடிக்கடி வரும். ஃபோர் வீலைப் போட்ட உடனே முன்னும் பின்னும் வேறு வேறு வேகத்தில் சுற்ற முயலும், ஏதாவது ஒன்று உடையும். 4.10ம் 4.11ம் சேர்ந்து ஓடும், அந்த அளவு வித்தியாசம் டயரில் கரைந்துவிடும். அதற்கு மேல் கிடையாது.

எண் பெரிதாக ஆக பினியன் சின்னதாகிறது என்பதையும் நினைவில் வையுங்கள். 5.38 செட்டில் கிரவுனுக்கு 43 பல், பினியனுக்கு 8 பல்தான். சின்ன ஆக்ஸிலில் அது பலவீனம். சில ஆக்ஸில்களில் கிரவுனைத் தாங்கும் கேரியரும் ரேஷியோவைப் பொறுத்து மாறும். டானா 44 என்ற ஆக்ஸில் மாடலில் 3.73 வரை ஒரு கேரியர், 3.92லிருந்து வேறு கேரியர். எப்படியும் கேரியர் மாற்ற வேண்டும் என்றால் இரண்டு சக்கரமும் ஒன்றாகச் சுற்றும்படி பூட்டும் லாக்கர் போடுவதற்கு அதைவிட நல்ல நேரம் கிடையாது, கூலி ஒன்றுதான். பேரிங்கும் ஆயில் சீலும் கண்டிப்பாகப் புதிது.

பொருத்துவது வீட்டு வாசலில் செய்யும் வேலை இல்லை. தெரிந்தவர் செய்வதைப் பக்கத்தில் நின்று பாருங்கள், சுவாரசியமாக இருக்கும். கிரவுனின் சில பற்களில் மஞ்சள் பேஸ்ட்டைத் தடவி, இரண்டு பக்கமும் சுற்றி, பினியன் பதித்த அடையாளத்தைப் பார்ப்பார். அடையாளம் பல்லின் அடிப்பக்கம் இறங்கியிருந்தால் பினியன் ஆழமாகப் போயிருக்கிறது. நுனிப்பக்கம் ஏறியிருந்தால் போதிய ஆழம் இல்லை. இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகடுகளான ஷிம்களை மாற்றி, கழற்றி, மாட்டி, மறுபடி தடவிப் பார்ப்பார். இரண்டு பற்களுக்கு நடுவே உள்ள தளர்வு பெரும்பாலான ஆக்ஸில்களில் 0.15 முதல் 0.25 மி.மீ.க்குள் நிற்க வேண்டும். டயல் கேஜ் இல்லாமல், கையால் ஆட்டிப் பார்த்து "சரியா இருக்கு" என்பவரிடம் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள். சரியாக உட்காராத கியர் ஓடத் தொடங்கியதும் ஊளையிடும், பிறகு எந்தச் சரிசெய்தலும் எடுபடாது.

முதல் ஓட்டம் 20, 25 கி.மீ. மிதமான வேகத்தில், பிறகு ஹவுசிங் முழுக்கக் குளிரும்வரை ஓய்வு. இதை இரண்டு மூன்று தடவை செய்யுங்கள். 800 கி.மீ. வரை டிரெய்லர் இழுக்க வேண்டாம், அதன் பிறகு ஆயிலை மாற்றிவிடுங்கள். பழைய ஆயிலில் மெல்லிய இரும்புத் தூள் தெரிந்தால் பயப்பட வேண்டியதில்லை. துண்டாக எதுவும் வந்தால் ஹவுசிங்கைத் திறக்க வேண்டும்.

கியரை மாற்றாமல் டயரை மட்டும் மாற்றியிருந்தால் ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது வண்டி உண்மையில் 113ல் போய்க்கொண்டிருக்கும். கியர் மாற்றினால் கணக்கு இன்னொரு பக்கம் நகரும். இரண்டில் எது செய்தாலும் கம்ப்யூட்டரில் டயர் அளவையும் ரேஷியோவையும் திருத்தச் சொல்லுங்கள்; கியர் மாறும் நேரமும் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோலும் அந்த எண்களை நம்பித்தான் இருக்கின்றன. லிஃப்ட் போட்ட போல்ட்டுகளை, முக்கியமாக யூ போல்ட்டுகளை, முதல் 100 கி.மீ. ஓடியதும் ஒரு தடவை டார்க் ரெஞ்சால் முறுக்கிப் பாருங்கள். வீல் அலைன்மென்ட் அதற்குப் பிறகு. அப்புறம் ஸ்டெப்னி. நாலு டயரையும் 35 ஆக்கிவிட்டுப் பழைய 31ஐ ஸ்டெப்னியாக விட்டிருந்தால், லாக்கர் போட்ட ஆக்ஸிலில் அதை மாட்டி ஓட்ட முடியாது. ஐந்தாவது டயரையும் சேர்த்தே பட்ஜெட் போடுங்கள், அது வண்டிக்கு அடியில் பழைய இடத்தில் நுழைகிறதா என்றும் அளந்து பார்த்துவிடுங்கள்.